இரண்டு இடத்திலும் பேசியவர்

குருநகர்,
20.02.1989

என் அன்புள்ள அத்தானுக்கு,

மாதாவின் காவலில் நானும் மாமாவும் சுகம். கப்பலில் வேலை செய்யும் உங்கள் சுகத்துக்காக மன்றாடுகிறேன். தம்பி சூசைதாசனைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

தேர்தல் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. அமைதிப்படை என்று வந்த இந்திய ஆமி இங்கே இருக்க வேண்டும் என்கிறார் உங்கள் அப்பா. போக வேண்டும் என்கிறான் என் தம்பி. இயக்கங்கள் தங்களுக்குள் சுட்டுக்கொண்டபோது உங்கள் சித்தப்பாவின் மகன் செத்ததை மாமா மறக்கவில்லை. ஆமி பிடித்துக்கொண்டுபோன சிநேகிதன் சந்தியோகு இன்னும் திரும்பாததைத் தம்பியும் மறக்கவில்லை. நான் யாரைப் பிழை சொல்ல?

வாக்குக் கேட்டு வந்த ஒருவர், ஆமிதான் எங்களுக்குப் பாதுகாப்பு என்று கோயில் முன்றலில் பேசினார். மாமா கைதட்டினார். அன்று பின்னேரம் நான் சின்னக்கடைச் சந்தையில் மீன் விற்கும்போது அதே ஆள் அங்கேயும் வந்து, ஆமியை வெளியேற்றுவதே தங்கள் கட்சியின் கொள்கை என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. ஈரக்கையோடு எழும்பிப் போய்க் கேட்டேன். "தங்கச்சி, சனம் ரெண்டாய் நிக்குது. நாங்கள் ரெண்டு பக்கத்தோடையும் கதைக்கத்தானே வேணும்" என்றார். "கதையுங்கோ ஐயா. ஆனால் பாராளுமன்றத்திலை எந்தப் பக்கம் கையைத் தூக்குவியள்?" என்றேன். சனம் சிரித்தது. அவர் சிரிக்காமல் வாகனத்தில் ஏறினார்.

இதை நான் வீட்டில் சொன்னதும், "உவைக்கோ வாக்குப் போடப் போறியள்?" என்று தம்பி மாமாவிடம் பாய்ந்தான். "ஆமி போனால் அடுத்தநாள் ஆர் ஆரைச் சுடுவான் எண்டு தெரியுமோ உனக்கு?" என்றார் மாமா. "ஆமி இருக்கேக்கை மட்டும் சுடேல்லையோ?" என்று சொல்லிப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனவன்தான். பாசையூரில் கடற்கரையோரம் ஒரு மீன்வாடிக் கொட்டிலில் படுக்கிறானாம். நேற்று அங்கே ஆமியின் சுற்றிவளைப்பு. தப்பிவிட்டான் என்கிறார்கள். நான் கண்ணால் காணவில்லை.

வள்ளம் கரையில் கிடக்கிறது. மாமாவால் தனியே வலை இழுக்க முடியாது. வாக்குப் போட்டுவிட்டு வந்த நாளிலிருந்து சோற்றை அளைந்துவிட்டு எழும்புகிறார். நானும் போய்ப் போட்டேன். யாருக்கென்று அவர் கேட்கவில்லை. நாய் குரைத்தால் இரண்டு பேருமே வாசல் படலையைப் பார்க்கிறோம்.

அத்தான், நீங்கள் எந்தப் பக்கம் என்று தயவுசெய்து எழுத வேண்டாம். மாமா வாசிக்கச் சொல்லுவார். தம்பிக்கும் கதை போய்ச் சேரும். 'மாமா பசியோடை இருக்கிறார், வீட்டை போய் அவரோடை சாப்பிடு' என்று மட்டும் தம்பிக்கு எழுதுங்கள். உங்கள் சொல்லை அவன் தட்டமாட்டான். அந்தக் கடிதம் வரும்வரைக்கும் மாதா அவனைக் காக்கட்டும். உங்களையும் காக்கட்டும்.

உங்கள் அன்பு மனைவி,
சிசிலியா