ரிம்முக்கு ஒன்றும் ஆகவில்லை

செண்பகனூர்,
அக்டோபர் 12.

அன்பு மகன் டெனிஸுக்கு அம்மா லீமா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம், உன் காரும் ஜாக்கியிலிருந்து இறங்கி மறுபடி தன் சொந்த டயரில் நிற்பதால் அதுவும் சுகம். ஜெர்மனியில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உனக்காகப் பத்து மணிகளைத் தனியாக உருட்டிச் சொல்கிறேன். ஃபோன் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் ஒரு நிமிஷம்மா என்று சொல்லிக் கேமராவை அணைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி அணைக்க முடியாது. உன் தங்கை ஜூலியட்டுக்குக் கல்யாணம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. அன்றைக்குச் சாயங்காலம் நீ கூப்பிட்டாய், வழியில் டயர் வெடித்த கதையைச் சொன்னேன், ரிம்முக்கு ஏதாவது ஆச்சாம்மா என்று மூன்று தடவை கேட்டாய். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் நான் வரிசையாகத்தான் எழுதுவேன், நீயும் முதலிலிருந்துதான் படிக்க வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது கோயம்புத்தூரில் யாரிடமோ இந்தக் காரை வாங்கி, பதினோரு நாள் ஓட்டிவிட்டு, சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாய். ஐந்து நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்கும் வண்டி என்றாய். செண்பகனூரிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற ரோட்டில் நூறு மீட்டர் நேராக எங்கே இருக்கிறது என்று நான் அன்றைக்கே கேட்டேன். அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை நீ வருவதற்குப் பதிலாக வண்டிக்கு ஏதாவது ஒரு சாமான் வருகிறது. முதல் வருஷம் சைலன்சர், அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பழனியம்மாளின் கோழிகள் ஒரு வாரம் முட்டை போடவில்லை. அடுத்த வருஷம் ஸ்டியரிங்குக்கு உறை. இந்த வருஷம் தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய், இரண்டு டயர் வந்தது. இருக்கிற டயரில் என்ன குறை என்று கேட்டதற்கு, பின்னால் இன்னும் அகலமாக இருந்தால் பிடிமானம் கூடும், பின்பக்கமிருந்து பார்த்தால் வண்டி கம்பீரமாகத் தெரியும், ரிம்மை மாற்ற வேண்டியதில்லை, கம்பெனி ரிம்மிலேயே உட்கார்ந்துவிடும், இன்டர்நெட்டில் ஒருவன் அப்படித்தான் ஓட்டுகிறான் என்றாய். அவன் ஊர் ரோட்டில் கொண்டை ஊசி வளைவு இருக்கிறதா, வண்டி நிறைய சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு போனானா என்றெல்லாம் நீ அவனிடம் கேட்டிருக்க மாட்டாய். எனக்குக் கார் தெரியாது. ஆனால் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவள், அளவு தெரியும். காருக்குள் கிடந்த புத்தகத்தில் டயர் உட்காருகிற உன் ரிம் எட்டரை அங்குல அகலம் என்று போட்டிருந்தது. டயரில் ஒட்டி வந்த சீட்டில் குறைந்தது ஒன்பதரை அங்குல ரிம் வேண்டும் என்று போட்டிருந்தது. ஜாக்கெட்டில் ஒரு அங்குலம் குறைந்தாலே கொக்கி மாட்டாது, மாட்டினாலும் மூச்சுவிட்டால் தையல் போகும், இது டயராச்சே என்று அப்பாவிடம் இஞ்ச் டேப்பையே விரித்துக் காட்டினேன். அவர் இருபத்தொன்பது வருஷம் மலை ரோட்டில் பஸ் ஓட்டியவர் இல்லையா, இந்தா லீமா, பஸ்ஸுக்குப் பின்னாடி சோடி சோடியா நாலு டயர் கெடக்கே, சும்மாவா கெடக்கு, பின்னாடி அகலமா இருந்தாத்தான் வண்டி நிக்கும், நீ போயி உன் சோலியப் பாரு என்றார். பஸ்ஸுக்கு நாலு டயர் என்றால் ரிம்மும் நாலு இருக்கிறதே என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. மறுநாள் வெங்காயம் உரிக்கும்போதுதான் தோன்றியது.

தோன்றிய பிறகும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டால் உண்மையைச் சொல்கிறேன். நான் வரலைன்னா என்னம்மா, என் கார் வரும், தங்கச்சி என் கார்லதான் கோயிலுக்குப் போகும் என்று நீ சொன்னாயே, அதில் விழுந்துவிட்டேன். மகன்தான் வரவில்லை, மகன் பேரைச் சொல்லிக் கோயில் வாசலில் ஏதாவது ஒன்று நிற்கட்டும், சம்பந்தி வீட்டார் கேட்டால் கைகாட்ட ஒன்று இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். இஞ்ச் டேப்பைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டேன். அப்பா வெள்ளனே எழுந்து வண்டியை வத்தலக்குண்டுக்கு இறக்கினார். அங்கே டயர் கடை முகேஷ் பார்த்துவிட்டு, சார், இந்த டயருக்கு இந்த ரிம் பத்தாதுங்க, ரெண்டு ஓரமும் உள்ள இழுத்துக்கிட்டு நடுவுல மட்டும் உப்பி நிக்கும், வேண்டாம்ங்க என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறான். உடனே அப்பா உனக்கு ஃபோன் போட்டு அவன் கையில் கொடுக்க, நீ அங்கிருந்து அவனுக்குக் கால்மணி நேரம் பாடம் நடத்தினாயாம். தினமும் டயரோடு மல்லுக்கட்டுகிறவன், சரிங்கண்ணே என்று சோப்புத் தண்ணீர் தடவி, காற்றை ஏற்று ஏற்றென்று ஏற்றி, வேட்டுச் சத்தம் மாதிரி ஒரு சத்தத்தோடு அதை ரிம்மில் உட்கார வைத்தான். அப்பா ஒற்றை ஆளாக மலையேறி வந்து, பட்டு மாதிரி ஓடுது என்றார். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஃபாதர் வந்து வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அது போதாதென்று அப்பா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், ஃபாதர் நல்ல மனுஷர், அந்த நேரம் பார்த்து வானத்தைப் பார்த்துக்கொண்டார். முன்சக்கரத்துப் பழம் இரண்டும் நசுங்கின. பின்சக்கரத்தின் ஓரத்தில் வைத்த இரண்டும் நசுங்காமல் பிதுங்கி வெளியே ஓடிவிட்டன. டயர் நடுவில் மட்டும்தான் தரையைத் தொடுகிறது, ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்பதற்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும். அப்பா அதை நல்ல சகுனம் என்றார். நான் பழத்தைக் கழுவி எடுத்துவைத்தேன்.

கல்யாணப் பூசை பத்து மணிக்கு. பதினொன்றரைக்கு அதே கோயிலில் இன்னொரு கல்யாணம் இருந்ததால், பத்தரைக்குள் பெண் வராவிட்டால் உங்கள் பூசையை மத்தியானத்துக்குத் தள்ளிவிடுவேன் என்று ஃபாதர் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை ஆக்னல் தங்கமான பையன், ஆனால் அவர் வீட்டார், பொண்ணுக்குக் கூடப்பொறந்த அண்ணனே வரலையாமே என்று முதல் நாளிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். இதில் நாம் நேரத்துக்கும் போகவில்லை என்றால் ஜூலியட் காலமெல்லாம் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும். ஒன்பதரைக்குக் கொடைக்கானல் கோயிலுக்குக் கிளம்பினோம். அப்பா ஓட்டினார், பக்கத்தில் உன் அத்தை ஆக்ஸிலியா, அவள் எடையை எழுதினால் அப்புறம் என்னோடு பேசமாட்டாள், பின்னால் ஜூலியட்டும் நானும், டிக்கியில் மூன்று கூடைப் பலகாரம். புது டயர் போட்ட பிறகு வண்டியில் ஒரு தடவைகூட ஆள் ஏற்றிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி பின்னால் அமுங்கிவிட்டது. முதல் வளைவில் கரகரவென்று சத்தம், இரண்டாவது வளைவில் ரப்பர் கருகுகிற வாடை, அப்பாவுக்கு முன்னால் மீட்டரில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. பாட்டைக் கூட்டி வைங்கண்ணே, சத்தம் கேக்காது என்றாள் உன் அத்தை. மூன்றாவது வளைவில், சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கிற தகட்டில் உரசி உரசிக் கிழிந்து டயர் வெடித்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், தூறல் வேறு. அப்பா பதறிப் பிரேக்கை மிதிக்கவில்லை, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு வேகத்தை அதன்போக்கில் குறையவிட்டு, பாறை ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் செய்த முட்டாள்தனத்தையெல்லாம் மன்னித்துவிட்டேன். இறங்கி டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தேடினார். இத்தனை விலை கொடுத்து வாங்கிய வண்டியில் ஸ்டெப்னி கிடையாதாம், ஒரு பாட்டில் பசையும் ஒரு குட்டி பம்பும்தான் இருந்தன. கிழிந்த டயரை எந்தப் பசை ஒட்டும். ஸ்டெப்னி இல்லாம நான் ஒரு நாளும் டெப்போவ விட்டு வண்டி எடுத்ததில்லையே லீமா என்று கோட்டும் சூட்டுமாக மழையில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினைந்து நிமிஷம் எந்த வண்டியும் நிற்கவில்லை. நின்ற ஒரே ஒரு டூரிஸ்ட் வேனில் இருந்தவர்களும் மணப்பெண்ணோடு படம் எடுத்துக்கொண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் மேலேயிருந்து வெங்கடேஷ் இறங்கி வந்தான், பூம்பாறைப் பையன், பத்தாவது வரை உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், இப்போது சொந்தமாகப் பிக்கப் வைத்துப் பூண்டு ஏற்றுகிறான். சந்தைக்குப் போகிற வழி. என்னம்மா இப்பிடி நிக்கிறீங்க, வெரசா ஏறுங்க, சந்தை எங்கயும் ஓடிறாது என்று சொல்லி, மூட்டையோடு அந்தக் குறுகலான வளைவில் வண்டியை முன்னும் பின்னுமாக ஐந்து தடவை எடுத்துத் திருப்பினான். அவன் டயரில் கம்பீரம் ஒன்றும் இல்லை, ரிம்முக்கு ஏற்ற டயர், அவ்வளவுதான். முன்னால் ஜூலியட்டும் அத்தையும், பின்னால் பூண்டு மூட்டைமேல் நானும் அப்பாவும் ஒரே குடையில். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவர் என்னை இவ்வளவு நெருக்கமாக உட்காரவைத்து எங்கும் கூட்டிப்போனதில்லை. உன் கார் கம்பீரமாக வருவதை மேலேயிருந்து படம் பிடிக்க டிரோன்காரன் காத்திருந்தான். அவன் பிடித்தது பட்டுப்புடவையோடு நான் மூட்டையிலிருந்து இறங்குகிறதை. மணி பத்து இருபத்தைந்து. பூசை தள்ளிப்போகாமல் தப்பியது. சம்பந்தியம்மா முத்தம் கொடுக்க வந்து, மூக்கைச் சுளித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

தாலி கட்டி முடிந்து ஹாலுக்குப் போனோம். மாப்பிள்ளைக்கு மச்சினன் மோதிரம் போட்டுக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்துப்போவது நம் வழக்கம் என்று உனக்குத் தெரியும், அதற்குத்தான் நீ வீடியோவில் வருவதாக ஏற்பாடு. அத்தை ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள். நீ வந்தாய், சிரித்தாய், ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய், அப்படியே நின்றுவிட்டாய். மூடுபனி என்றால் சிக்னல் இப்படித்தான். மாப்பிள்ளை விரலை நீட்டியபடி நிற்கிறார், நூற்றைம்பது பேர் திறந்த உன் வாயையே பார்க்கிறார்கள், சம்பந்தி வீட்டில் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஜூலியட் யாரையும் கேட்கவில்லை, வெங்கடேஷண்ணே, நீங்க வாங்க என்று கூப்பிட்டுவிட்டாள். அவன் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஐயய்யோ, கையெல்லாம் பூண்டு வாடைம்மா என்று ஓடிப்போய்க் குழாயில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து மோதிரம் போட்டான். மச்சினனுக்கு என்று மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தந்த பட்டுத்துணியை உன் அளவில் சட்டையாகத் தைத்து வைத்திருந்தேன், பார்சலில் அனுப்பலாம் என்று. அதை மாப்பிள்ளை அவனுக்குக் கொடுத்தார், அங்கேயே போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். தோளில் ஒரு நூல் பிசகவில்லை டெனிஸ். எனக்கு அதுதான் தாங்கவில்லை, சமையல்கட்டுப் பக்கம் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

வெடித்த டயரை முகேஷ் கேட்டு வாங்கிக் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறான், வெளிநாட்டிலிருந்து மகன் ஃபோன் போடுகிற வாடிக்கைக்காரர்களுக்கு அதைக் காட்டுவானாம். வெடிக்காததை அப்பா ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்குகிற வழியில், மழைக்கு மண் சரிகிற இடத்தில் பதித்துக் கல் நிரப்பிப் படியாக்கிவிட்டார். நீ அனுப்பியதில் வீட்டுக்கு உபயோகப்பட்டது அதுதான். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் போக வெட்கப்படுகிறார், பழைய கண்டக்டர்கள் டயர் சைஸ் என்ன என்று கேட்கிறார்களாம். நீ அவரிடம் ஃபோனில் காரைத் தவிர வேறு ஏதாவது பேசு. தலைக்குக் குல்லா போடாமல் பனியில் போகாதே, ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே, பாக்கெட் சாப்பாட்டைக் குறை. தலைக் கிறிஸ்துமஸ் வருகிறது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் மச்சினன்தான் நேரில் போய்ப் புதுத்துணி கொடுத்து அழைத்துவர வேண்டும். வெங்கடேஷ் போன வாரமே வந்து, நான் போயி கூட்டிட்டு வந்துறட்டாம்மா, என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க என்று கேட்டான். மாப்பிள்ளையும் இப்போது அவனைத்தான் மச்சான் என்று கூப்பிடுகிறார். என் மகன் வருவான், டிசம்பர் இருபது வரை பொறு என்று சொல்லியிருக்கிறேன். இருபதாம் தேதி நீ வராவிட்டால் இருபத்தொன்றாம் தேதி அவன் போவான், பிறகு பிள்ளை பிறந்து ஞானஸ்நானத்தில் தலையில் தண்ணீர் ஊற்றுகிற அன்றைக்கும் தாய்மாமன் என்று அவன்தான் நிற்பான், நான் தடுக்க மாட்டேன். உனக்கும் ஒரு சட்டைத்துணி எடுத்து வைத்திருக்கிறேன், வெட்டவில்லை. மூன்று வருஷத்தில் உடம்பு மாறியிருக்கும், ஃபோனில் அளவெடுக்க முடியாது. காரில் ஏறலாம் என்று நினைத்து வராதே, டவுன் பஸ் இன்னும் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

ஆரோக்கிய மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். நீ மூன்று தடவை கேட்டதை நான் மறக்கவில்லை, ரிம்முக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் தங்கைக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை நீ கேட்கவில்லை.

இப்படிக்கு,
இஞ்ச் டேப்போடு காத்திருக்கும் உன் அம்மா,
லீமா செபாஸ்டின்.