நைனாவுக்கு, சர்வே நோட்டில் நான் எழுதிய பொய்யைப் பற்றி

என்னைப் பெற்ற நைனா,

உனக்குப் படிக்கத் தெரியாது. நீ இருந்தபோதும் என் கடிதங்களை அடுத்தவர்தான் உனக்குப் படித்துச் சொன்னார்கள். இதையும் நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன்னிடம் மட்டும் சொல்லி அழுதுவிட்டுப் போகிற விஷயமாக இது இல்லை.

ஏரியில் எரிவாயுக் கம்பெனி நட்ட சிவப்புக் கொடிகள் அப்படியே நிற்கின்றன. மண்ணைத் தோண்டிச் சோதித்த மிதவை மேடையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கப்பல் வருமா வராதா என்று மேலே யாருக்குமே தெரியவில்லையாம். ஆனால் கொடிக்குள் வலை போடக் கூடாது என்ற உத்தரவு மட்டும் உயிரோடு இருக்கிறது. திட்டம் செத்தாலும் தடை சாகாது போலிருக்கிறது.

எரிவாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவந்து, இங்கே இறக்கி, மறுபடி வாயுவாக்கிக் குழாயில் கும்மிடிப்பூண்டி வரை அனுப்புவார்கள் என்று கம்பெனி இன்ஜினியர் முதல் நாள் ஊரைக் கூட்டி விளக்கினார். முனுசாமி மாமா உன் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. "காத்தத் தண்ணியாக்கி, தண்ணியத் திரும்பக் காத்தாக்குவாங்களாம். சாராயம் காச்சறவன்கூட இவ்ளோ பேஜாரு படமாட்டான் மச்சான்." நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அளவுச் சங்கிலி பிடிக்கவும் சர்வே நோட்டு எழுதவும் கம்பெனி என்னை எடுத்திருந்தது. பேன்ட் போட்டுக்கொண்டு இன்ஜினியர் பக்கத்தில் நின்றிருந்தேன்.

குழாய் போகிற பாதையை, வரைபடம் எடுக்கிற டிரேசிங் துணியில் மசியால் இழுத்தவனும் நான்தான். நேர்க்கோடாகப் போவதுதான் மலிவு, ஒவ்வொரு வளைவும் வீண் செலவு என்று இன்ஜினியர் சொல்வார். பொன்னேரிப் பக்கம் ஒருவரின் சவுக்குத் தோப்பு குறுக்கே வந்தது. பட்டாவும் வக்கீலும் வைத்திருந்தவர். கோட்டை அழித்துத் தோப்பைச் சுற்றி வளைத்து வரையச் சொன்னார்கள், வரைந்தேன். அந்தக் குழாய்க்கு வளையத் தெரியும் நைனா. ஏரிக்கு வந்தபோது மட்டும் அதற்கு முதுகு நேராகிவிட்டது.

ஏரியை அளக்க வந்த அன்று காலை, உன் முறையும் வருகிற பாட்டுக்குக் கம்பெனிப் படகில் வந்தோம். இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஏரியில் மீன்பிடிக்கிற ஒவ்வோர் இடத்துக்கும் பாடு என்று பெயர். கோயிலில் சீட்டுக் குலுக்கி, எந்த நாளில் எந்தப் பாடு யாருக்கு என்று முறை வைத்திருக்கிறோம். முறை இல்லாத நாளில் அந்த இடத்தை என்னுடையது என்று வாயால் சொன்னாலே குற்றம். முறைக்காரன் வர முடியாமல் போனால் அன்று அந்த இடம் சும்மா கிடக்கும், அடுத்தவன் நுழைய மாட்டான். அன்றைய முறைக்காரர் வீட்டில் சாவு. அதனால் தண்ணீர் காலியாக இருந்தது. நீ உன் படகில் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாய்.

"இது உன் இடமாப்பா?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"இல்லீங்க."

"அப்ப யாருது?"

"இன்னைக்கி யாருதும் இல்லீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நோட்டில் 'பயன்படுத்துவோர்' என்று ஒரு கட்டம். நீ சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியும். எங்கள் படகில் எனக்கு மட்டும்தான் தெரியும். "சார், இவங்களுக்கு ஒரு முறை இருக்கு" என்று ஆரம்பிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? 'எவரும் இல்லை' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அவர் அவசரத்தில் இருந்தார். என்னை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார். வேறு காரணம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் மேலேயே பாய்ந்தேன். "நம்ம ஊருதுன்னு சொன்னா இன்னா கொறஞ்சிட்டிருக்கும்?"

"எம்மொற இல்லாத நாள்ல எந்துன்னு சொல்லச் சொல்றியா? ஊர்ல எவன் மூஞ்சில முழிக்கறது?" என்றாய். பிறகு, "நீதான் பக்கத்துல குந்திக்கினு இருந்தியே, நீ சொல்லக்கூடாதா?" என்று கேட்டாய்.

நீ அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. அதுதான் இப்போது கொல்கிறது. நான் சொல்லியிருப்பேன் என்று நம்பித்தானே சும்மா இருந்தாய்?

அந்த ஒரு வரியை வைத்து யாரையும் கேட்காமல் கொடி நட்டார்கள். உன் முறை நாள் வந்தது, இடம் இல்லை. பக்கத்துப் பாட்டில் போடேன் என்று நான்தான் சொன்னேன். "அவன் வயித்துல அடிச்சா?" என்று கேட்டுவிட்டு, முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறவர்களோடு கட்டுமரத்தில் ஏறினாய். வாழ்நாளெல்லாம் ஏரியில் கழித்தவனுக்குக் கடல் அலை என்ன தெரியும்? மணல் திட்டில் மரம் புரண்டது. மற்றவர்கள் நீந்தி வந்தார்கள். உன்னை மறுநாள் மதியம் கரையில் எடுத்தோம். நான் பார்க்கப்போகிறேன் என்று தெரிந்தே கண்ணை மூடாமல் கிடந்தாயா?

வருகிற திங்கட்கிழமை பொன்னேரி தாலுகா ஆபீசில் அந்தத் தடையைப் பற்றி விசாரணை. அந்தத் தண்ணீரில் யாருக்கு என்ன பழக்கம் என்று தாசில்தார் கேட்கப்போகிறார். முறைப் பட்டியலை எழுதித் தரச் சொல்லி ஊர் என்னிடமே வந்தது. எழுதிக்கொண்டு வந்தபோது, கரையோரச் சகதியில் கையால் தடவி இறால் எடுக்கிற இருளர்களை எங்கே எழுதுவது என்று கேட்டேன்.

"அவங்களுக்கு ஏதுடா பாடு? அது யாரு எடமும் இல்ல" என்றார் முனுசாமி மாமா.

என் பேனா நின்றது. நான் நோட்டில் எழுதிய அதே வரி, நம் ஊர் வாயிலிருந்து வந்தது. சண்டை போட்டு அவர்கள் பெயர்களையும் சேர்த்தேன். மாமா இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இன்ஜினியர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கூப்பிட்டு வைத்து அமைதியாகச் சொன்னார்: "அவசரத்துல தப்பா எழுதிட்டேன்னு சொல்லு. அந்த ஒரு வரியைத் திருத்திடலாம், உன் வேலையும் போகாது. தெரிஞ்சே எழுதினேன்னு சொன்னா மொத்த நோட்டும் சந்தேகம் ஆகும். கேஸ் உன் மேலதான் வரும், கையெழுத்து உன்னுது."

மொத்த நோட்டும் சந்தேகம் ஆக வேண்டும் என்பதுதானே என் ஆசை? அதில் நம் ஊர் மட்டுமா இருக்கிறது? எத்தனை ஊர்களில் எத்தனை கட்டங்களில் இதே போல எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஒருத்தர வாரிக் குட்த்துட்டேன். நீயும் உள்ள போய்க் குந்திக்கினா, இவள எவன் கையில புட்ச்சிக் குடுப்பேன்? தப்பா எழுதிட்டேன்னு சொல்லிட்டு வந்து சோறு துண்ணுடா." தங்கச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அம்மா சொல்வதிலும் பொய் இல்லையே நைனா. நான் ஜெயிலுக்குப் போனால் இந்த இரண்டு பேரும் எதைச் சாப்பிடுவார்கள்? ஊர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லலாம். ஊருக்கே இடம் இல்லை.

 

இது அச்சாகி வரும்போது விசாரணை முடிந்திருக்கும். நான் பின்வாங்க முடியாதபடி இப்போதே எழுதி வைக்கிறேன். அம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டு, முதல் பஸ்ஸில் போவேன். தாசில்தார் கேட்கும்போது பிழை என்று சொல்ல மாட்டேன். அவசரம் என்று சொல்ல மாட்டேன். தெரியும், தெரிந்துதான் எழுதினேன் என்று சொல்வேன்.

உனக்குக் கொள்ளி வைத்த அதே கையால் அந்த வரியையும் எழுதிய,
உன் மூத்த மகன்,
ஏழுமலை