மல்லாட்டை பிடித்த நான்கு பேர்

திண்டிவனம்
9.7.2025

அன்புள்ள வேணிக்கு,

நலமா? போனில் பேசினால் இருவருமே பாதியில் வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். மண்டியில் மூட்டை வரத்து ஓய்ந்து, நான் வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் இனி இங்கே அண்ணன் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றிருக்கிறேன். அவர்கள் ரேஷன் அட்டையில் என்னைச் சேர்க்க, நம் அட்டையிலிருந்து என் பெயரை எடுக்க வேண்டுமாம். ஓடிபி உன் போனுக்குத்தான் வரும். அப்படியே பிரியாவின் பெயரையும் எடுத்துவிடு. நம் பிள்ளை காய்ச்சலில் போய் இரண்டு வருஷமாகிறது. வேளைக்குச் சாப்பிடு.

ராஜ்குமார்

விழுப்புரம்
20.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காணைப் பள்ளியில் நாலாம் வகுப்புக்குத் தரவுத்தளம் சொல்லிக்கொடுக்கிறேன். பெயர்தான் பெரியது, பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. ஆளுக்கொரு அட்டையில் பெயர், வீட்டில் எத்தனை பேர், பிடித்த தீனி என்று எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பாதிப் பேர் தங்களை எண்ணவே மறந்துவிட்டார்கள். "உங்களையும் சேத்து எண்ணுங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. "மல்லாட்டை பிடிக்கிறவங்க மட்டும் முன்னாடி வாங்க" என்றால் வேர்க்கடலைப் பிரியர்கள் நான்கு பேர் வருவார்கள். பிறகு அதையே கணினியில் ஏற்றி, அதனிடம் அதே கேள்வியைக் கேட்போம்.

போன வாரம் அந்த நால்வரில் ஒருவனான வல்லரசு டிசி வாங்கிக்கொண்டு ஓமந்தூர் போய்விட்டான். கணினியில் அவன் வரிசையை அழித்துக் காட்டினேன். அருணா எழுந்து நின்றுவிட்டாள்.

"இன்னா டீச்சர், மூணு பேருன்னு காட்டுது? பொய் சொல்லுது பாருங்க. அவன் ஓமந்தூர்லயும் மல்லாட்டைதான துன்னுகினு இருப்பான்?"

வகுப்பே சிரித்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் அவனை மறுபடி ஏற்றி, 'இப்போது எங்கே' என்று ஒரு கட்டம் கூட்டினோம்.

ரேஷன் அட்டையில் அப்படி ஒரு கட்டம் இல்லை மாமா. பிரியாவை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

வேணி

திண்டிவனம்
28.7.2025

வேணி,

அருணா சொன்னதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார்கள். எனக்குத்தான் அதற்குமேல் படிக்க முடியவில்லை.

என் பெயரைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை. 'எடுக்க மாட்டேன், வந்துவிடுங்கள்' என்று இருக்கும் என்றுதான் உறையைப் பிரித்தேன்.

ராஜ்குமார்

விழுப்புரம்
5.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வந்துவிடுங்கள் என்று எழுதிப் பார்த்தேன். பிரியாவின் தட்டு இல்லாத இடத்தைப் பார்க்காமலிருக்க, நாம் இருவரும் தலை குனிந்தே சாப்பிட்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. உங்கள் முகத்தில் அவள் சாயல். அதை நான் நிமிர்ந்து பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நீங்களும் அறிவீர்கள். காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

இரண்டு பெயரையும் எடுக்கக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்டார்கள். அவளுக்கு இறப்பு, உங்களுக்கு இடமாற்றம்.

இன்று பிள்ளைகள் எனக்கும் ஒரு வரிசை போட்டார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒன்று என்றேன். அருணா தட்டச்சு செய்யாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"டீச்சரே மறந்துட்டாங்க! உங்களையும் சேத்து எண்ணணும் டீச்சர்."

"சேத்துதாம்மா சொல்றேன். எழுது."

வேணி