உன் கார்டில் என் அப்பா பெயர்

மச்சான்,

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், உன் பழைய அடையாளக் கார்டு மட்டும் என் மேசைமேல் கிடக்கிறது. இன்னும் பூஞ்சை வாசம் போகவில்லை. போன மாதம் உன் மகன் கொண்டுவந்து வைத்தான். "மாமா, இதுல எங்கப்பாவோட தகப்பனார் பேரு உங்கப்பா பேரா இருக்கு. அப்படின்னா நானும் உங்க மகளும் அண்ணன் தங்கச்சியாம். கட்டிக்கக் கூடாதுன்னு கோயில் தலைவர் சொல்றாரு" என்றான். அன்றிலிருந்து என் தலை, ரிங்லெட் மலைப்பாதை வளைவில் பிரேக் அறுந்த லோரிதான்.

அந்தப் பெயரை எழுதவைத்த மகாபாவி நானல்லவா!

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த சமயம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து நம் லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஆளுக்கொரு கார்டு கொடுக்க வந்தார்கள். படம் பிடிக்க எஸ்டேட்டுக்கே ஒரே கோட்டு. எழுநூறு பேர் போட்டுக் கழற்றி, கடைசியில் அந்தக் கோட்டு தானாகவே போய்க் கேமராவுக்கு முன்னால் நின்றது. உன் முறை வந்தது. கணக்கெழுதும் கிராணி நிமிராமலே கேட்டார்.

"தகப்பன் பேரு?"

நீ விழித்தாய். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வாழ்ந்த உங்கம்மா, சொல்லாமலேயே கண்ணை மூடிவிட்டார். பின்னால் நின்ற எனக்குத்தான் நாக்கு சும்மா இருக்காதே.

"எங்கப்பா பேரைப் போடுங்க ஐயா. என்னை மட்டும் பெத்து ரொம்ப நொந்து போயிருக்காரு, இன்னொண்ணு இருந்தா ஆறுதல்லா!"

கிராணி சிரிக்கவில்லை, எழுதிவிட்டார். அப்பாவிடம் சொன்னேன், விறகுக்கட்டை பறந்து வரும் என்று குனிந்துகொண்டே. அவர் சொன்னது இவ்வளவுதான்: "அப்ப அவனையும் சோத்துக்கு வரச் சொல்லு."

அவர் ஏன் அத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டார்? இந்தக் கேள்வி இப்போதுதான் என்னைக் கடித்தது. சோழ வம்சத்தை ஆராய்ந்தவன்கூட இப்படி அலைந்திருக்க மாட்டான். ஆபீஸில் கரையான் மிச்சம் வைத்த ஆள்பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். நடக்கிற வயதுப் பிள்ளையோடு அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலையேறி வந்தவள் என்று உங்கம்மா பெயர் இருந்தது. புருஷன் பெயருக்கு நேரே வெறும் கோடு. அதே புத்தகத்தின்படி எங்கப்பாவோ அதற்கு முன்பு ஐந்து வருஷம் மலையை விட்டு இறங்கியதே இல்லை. ரத்தம் இல்லை, நிம்மதி. முகச்சாயல் தெரியுமா என்று கார்டுப் படங்களை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கோட்டுக்குள் எஸ்டேட்டே அண்ணன் தம்பியாக நின்றது. மறுபடி குழப்பம்.

கடைசியில் அப்பாவின் கல்லறைக்குப் போனேன். கல்லில் 'மகன்கள்' என்று நம் இரண்டு பேரின் பெயரும் இருந்தது. தலைவர் சொல்லியனுப்பியது இதைத்தான்: "உன் சிநேகிதன் பேரைச் செதுக்கி எடுத்துடு. அப்புறம் கல்யாணம் பேசலாம்."

உளியோடு உட்கார்ந்தேன், மச்சான்.

அப்பா செத்த அன்று ஊரடங்கு. வேலிக் கதவில் போலீஸ்காரர், "அடக்கத்துக்குப் பிள்ளைங்க மட்டும் போகலாம்" என்றார். கார்டை நீட்டினோம். இரண்டிலும் ஒரே தகப்பன். கதவு திறந்தது. அப்பாவை மூங்கிலில் கட்டி, முன்னால் நான், பின்னால் நீ, தேயிலை வரிசைக்குள் ஏறினோம். நாமே வெட்டினோம், நாமே மூடினோம். என்னைவிட நீதான் அழுதாய். "இனிமே எனக்கும் ஒரு அப்பா செத்தாருன்னு சொல்லிக்கலாம் மச்சான்" என்றாய்.

உளியைச் செடிக்குள் வீசிவிட்டு வந்தேன். "கல்லும் இருக்கும், கல்யாணமும் நடக்கும்" என்றேன். "அப்ப நான் வரலைலா" என்றார் தலைவர்.

இன்று காலை நிச்சயதார்த்தம். தலைவர் வரவில்லை, அவரோடு பாதி லயமும் வரவில்லை. வெற்றிலைத் தட்டோடு பெண்ணின் அப்பனாக உட்கார்ந்தேன். எதிரே, மாப்பிள்ளையின் அப்பனாக நீ உட்கார வேண்டிய இடத்தில், தட்டை வாங்க ஆளில்லை. உன் வீட்டம்மாதான் சொன்னாள்:

"அண்ணே, காகிதத்துல அவருக்கு இருக்கிற ஒரே சொந்தம் நீங்கதான். இந்தப் பக்கம் வந்து உக்காருங்க."

"அப்ப அந்தப் பக்கம் யாரும்மா?"

"அதுவும் நீங்கதான்."

வந்திருந்த பாதி லயம் சிரித்தது. எழுந்து சுற்றி வந்து, என் தட்டை நானே வாங்கிக்கொண்டேன். வாங்கியவன் உனக்கு மச்சானா, தம்பியா? தெரியவில்லை. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். தட்டு மட்டும் இன்னும் என் கையில்தான் இருக்கிறது, கீழே வைக்க மனசு வரவில்லை.