வாழவந்தியில் நாலு சித்தன்

1987 பிப்ரவரி 9, திங்கள்

ஒண்டிக்கடை லாட்ஜில் குளியலறைச் சுவர் இன்றோடு முடிந்தது. அடுத்த வேலை? இல்லை. பெரிய காண்ட்ராக்டரிடம் பத்து வருடம் கொத்தனாராக இருந்துவிட்டு, தனி மேஸ்திரியாக வெளியே வந்து ஆறு மாதம் ஆகிறது. இதுவரை கிடைத்ததெல்லாம் பூச்சு வேலையும் ஓடு மாற்றுவதும்தான். கடக்கால் தோண்டி அஸ்திவாரத்திலிருந்து எழுப்ப ஒரு வீடு, ஒரே ஒரு வீடு இன்னும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் சின்னன் வந்தான். என்னோடு இருக்கும் நாலு கொத்தனாரில் அவன்தான் கெட்டிக்காரன். மச்சான் பெங்களூருக்குக் கூப்பிடுகிறானாம். ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பானாம். அவன் போனால் மற்ற மூன்று பேரும் பின்னாலேயே போய்விடுவார்கள். அப்புறம் நானும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு பழைய காண்ட்ராக்டர் வாசலில் நிற்க வேண்டியதுதான். நேற்று பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன் இடம் அப்பிடியேதான் இருக்குது சூசை, எப்ப வேணா வா."

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆரோக்கியசெல்வி கேட்டாள்: "யாரு ஊடு கட்டறாங்கன்னு டீக்கடையில ஏனுங்க விசாரிச்சுட்டு இருக்கறீங்க? பிளான் பாஸ் பண்ற ஆபீஸ்ல பேரு எழுதி வெச்சிருப்பாங்கல்ல?"

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? கட்டினவளுக்குத் தோன்றியிருக்கிறது.

பிப்ரவரி 11

ஆபீஸ் கிளார்க் ஐயாக்கண்ணு நல்ல மனுஷன். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார். கட்டட அனுமதி ரிஜிஸ்டர் தலையணை கனம் இருக்கிறது. டிசம்பரிலிருந்து ஏழு பேர் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். ஏழு வீடு! இதில் இரண்டு கூடவா கிடைக்காது?

பிப்ரவரி 19

ஏழும் போச்சு. எல்லா இடத்திலும் எனக்கு முன்னால் ஒரு மேஸ்திரி நிற்கிறான். நாகலூர் ரோட்டில் லிண்டல் மட்டத்துக்கே சுவர் ஏறிவிட்டது. அங்கே இருந்த வாட்ச்மேன் பாவப்பட்டுச் சொன்னான்: "பிளானைப் போட்டுக் கொண்டுபோயி குடுக்கறதே மேஸ்திரிதானுங்களே. பேரு ரிஜிஸ்டர்ல ஏறுறப்ப ஆளு முடிவாயிருக்குமுங்க."

பத்து வருசம் இந்தத் தொழில்ல இருந்திருக்கேன். இது தெரியாமயா போச்சு எனக்கு? தூ.

பிப்ரவரி 20

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 4

சாம்பல் புதன். பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு ஆபீஸுக்குப் போனேன், புதிதாக ஏதாவது ஏறியிருக்குமா என்று. இல்லை. சும்மா பின்னால் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசிக் கட்டம் சில வரிகளில் காலியாக இருந்தது. என்னவென்று கேட்டேன். ஐயாக்கண்ணு எட்டிப் பார்த்து, அது வேலை ஆரம்பித்த தேதி போடும் கட்டம், இவை அனுமதி வாங்கியும் வேலையே ஆரம்பிக்காதவை என்றார். மூன்று வருடத்துக்குள் ஆரம்பிக்காவிட்டால் அனுமதி செல்லாதாம்.

இவர்களிடம் மேஸ்திரி இல்லை! இருந்தவன் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். 84ஆம் வருடப் பக்கத்தில் மட்டும் அப்படி மூன்று. அத்தனையும் வரும் ஜூனோடு காலாவதி.

மார்ச் 7

ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் மெட்ராஸில், கேட்டில் பூட்டு. மிச்சம் 'சித்தன், வாழவந்தி'.

மார்ச் 9

இன்றைக்கு அடி வாங்காமல் வந்தது மாதாவின் கிருபை.

வாழவந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சித்தன் வீடு எது என்று கேட்டால், எந்தச் சித்தன் என்கிறார்கள். ஊரில் நாலு சித்தன்! ரிஜிஸ்டரில் தகப்பன் பெயர் இருந்தது. நான்தான், நான் பெரிய புத்திசாலி, அதை எழுதிக்கொள்ளவில்லை.

முதல் சித்தன் மாதையன் மகன். கம்பு காயப் போட்டுக்கொண்டிருந்தார். "உங்க பேர்ல சர்க்கார் ரிஜிஸ்டர்ல இடம் பதிவாயிருக்குதுங்க" என்று ஆரம்பித்தேன். அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. மனுஷன் மூஞ்சி மாறிவிட்டது. நான் எழுதாத பத்திரத்தில் என் பெயர் எப்படி வந்தது, எந்த எஸ்டேட்காரன் உன்னை அனுப்பினான் என்று கத்தினார். பத்துப் பன்னிரண்டு பேர் சூழ்ந்துகொண்டார்கள். மலையில் எத்தனை நிலம் காகிதத்திலேயே கை மாறியது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அப்படிப் பேசினேனே. நான் பெயர் எழுதி வைத்திருந்த துண்டுச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். யாருக்கும் படிக்கத் தெரியவில்லை, அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

அப்போது ஒரு அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கண்ணம்மாள், பெரியண்ணன் மகன் சித்தனின் சம்சாரம். "அது எங்க ஊட்டுப் பிளானுங்க. அவர உடுங்க" என்றார்.

தகரப் பெட்டியிலிருந்து பிளானை எடுத்துக் காட்டினார். ஒரு மூலை பூச்சி அரித்திருக்கிறது. கட்டாத காரணத்தையும் அவரே சொன்னார். மனையின் மேற்கு ஓரத்தில் ஒரு பாறை. சேலத்து மேஸ்திரி வெடி வைத்து உடைக்க வேண்டும் என்றிருக்கிறான். இவர்கள் மலைச்சாமி சேர்வராயனிடம் பூக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுத்ததில் சிவப்பு வந்துவிட்டது. உடைக்கக் கூடாது. மேஸ்திரி கோபித்துக்கொண்டு மலையிறங்கிவிட்டான். மூன்று மழைக்காலமாகப் புல்லுக் கூரை ஒழுகுகிறது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை மாறி உட்காருகிறார்களாம்.

பாறையைப் பார்த்தேன். சுற்றிச் சுற்றி வந்தேன், ஏறி நின்று குதித்தும் பார்த்தேன். மலையோடு மலையாக வேரோடியிருக்கிறது.

"இத ஏனுங்க உடைக்கோணும்? இதையே அந்தப் பக்கத்துக் கடக்காலா வெச்சுக்கலாமுங்க. மத்த மூணு பக்கமும் படி படியா இறக்கிக் கட்டிக்கலாம்."

கண்ணம்மாளின் புருஷன் சித்தன் பாறையைத் தட்டிப் பார்த்தார். கண்ணம்மாள் மட்டும் சொன்னார்: "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா பூக் கேக்கோணுமுங்க."

மார்ச் 13

சேதி இல்லை. சூசையப்பர் பெயரை வைத்துக்கொண்டு சேர்வராயன் பூவுக்குக் காத்திருக்கிறேன். ஆரோக்கியசெல்வியிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

மார்ச் 17

சின்னன் பெட்டி வாங்கிவிட்டான். பச்சைத் தகரப் பெட்டி. என்னிடமே கொண்டுவந்து காட்டுகிறான்! நல்லாயிருக்குது என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 20

வெள்ளை.

சித்தனே நடந்து வந்து வாசலில் நின்று சொன்னார். "வெள்ளை வந்துருச்சுங்க. நீங்களே கட்டுங்க." அவ்வளவுதான் அவர் பேச்சு. நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல். அவர் பயந்துபோய்க் கெட்டியாக என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 20

நேற்று ஈஸ்டர். இன்றைக்குக் கடக்கால் தோண்டினோம். காப்பிப் பூ வாசம் மனை முழுக்க. சின்னன் போகவில்லை. பச்சைப் பெட்டியில் ரசமட்டமும் தூக்குக் குண்டும் வைத்துக்கொண்டு வருகிறான். ஐயாக்கண்ணு அந்தக் காலிக் கட்டத்தில் என் கண் முன்னாலேயே தேதி போட்டார்.

நவம்பர் 12

நாலு நாளாக அடைமழை. மனசு கேட்காமல் வாழவந்திக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. குழந்தை நடு வீட்டில் தூங்குகிறது. கண்ணம்மாள் களியும் கீரையும் போட்டார். நொம்ப நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன்.

1988 ஜனவரி 21

வாழவந்தியில் இரண்டாவது வீட்டுக்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தோம். மாதையன் மகன் சித்தன் வீடு. அன்றைக்கு என்னை அடிக்க வந்தவரேதான். நான்தான் பிளான் கொண்டுபோய்க் கொடுத்தேன். போன வாரம் பாஸ் ஆனது.

சேலத்திலிருந்து மொபெட்டில் ஒரு மேஸ்திரி வந்தான். புதிதாகத் தனியாகத் தொழில் பண்ணுகிறானாம். கையில் துண்டுச் சீட்டு: 'சித்தன், வாழவந்தி'. ஏற்கெனவே மூன்று சித்தனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். முகமெல்லாம் வேர்வை. நூலையும் என்னையும் பார்த்து அவனுக்குப் புரிந்துவிட்டது.

உட்கார வைத்து டீ கொடுத்தேன். "ரிஜிஸ்டர்ல அப்பா பேரும் இருக்குமுங்க தம்பி. அதையும் எழுதிக்கிட்டு வாங்க" என்றேன்.

ரிஜிஸ்டரின் பழைய பக்கங்களில் இருக்கும் காலிக் கட்டங்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய புண்ணியவான் இல்லை நான்.