மூன்றாம் கட்டம் மருந்துக்கு, எனக்கல்ல

அன்பு மகள் பாப்பாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே உன் அம்மா சௌக்கியம். நானும் சௌக்கியம் என்று எழுதச் சொன்னால், ரத்தப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு என்ன சௌக்கியம் வேண்டிக்கிடக்கிறது என்று முணுமுணுக்கிறாள். எழுதுடி என்றேன், எழுதிவிட்டாள். போனில் பேசினால் நீ அழுகிறாய், அதைக் கேட்டு அவள் அழுகிறாள், நான் வாயைத் திறக்க இடமே இல்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. முடித்ததும் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கடைசிவரை படி, பாதியில் கூப்பிடாதே.

பாப்பா, இன்று காலை நான் அந்தப் புது மருந்து ஆய்வில் சேர்ந்துவிட்டேன். நீ வேண்டாம் என்றாய், இருந்தும் சேர்ந்துவிட்டேன். நீ டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, எங்கப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் சொல்ற வரைக்கும் அவர்கிட்ட எதுலயும் ரேகை வாங்காதீங்க என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவரே வந்து என்னிடம் சொன்னார், பொண்ணு இப்படிச் சொல்றாங்க, ஆனா முடிவு உங்களோடதுதான், அவசரமும் இல்லை, கட்டாயமும் இல்லை என்று. எனக்கு வந்த கோபத்தில் காய்ச்சல் ஏறிவிட்டதோ என்று நர்ஸ் ஓடி வந்து தொட்டுப் பார்த்தார். எனக்குப் படிக்கத் தெரியாது, சரி. காது கேட்கும் இல்லையா?

உனக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று இப்போது சொல்கிறேன். போன வாரம் உன் மாமா பார்க்க வந்தார். வந்தவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, மச்சான், நான் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க என்றார். பிறந்ததிலிருந்து யாரிடமும் மன்னிப்புக் கேட்டறியாத மனுஷன். எனக்குச் சுருக்கென்றது. என்னய்யா விஷயம் என்று பிடித்து உலுக்கினால், மூணாம் கட்டமாமே மச்சான் என்று கண்ணைத் துடைக்கிறார். யார் சொன்னது? உன் அம்மா. டாக்டரம்மா மூன்றாம் கட்ட ஆய்வு என்று சொன்னதில், ஆய்வு என்பது இவள் காதில் விழவே இல்லை. நோய் மூன்றாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்று தானாக முடிவுகட்டி, உனக்கும் ஒப்பாரி, ஊருக்கெல்லாம் ஒப்பாரி. இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், நான் ஒண்ணும் ஒப்பாரி வைக்கலை என்கிறாள். வைத்தாள் என்றே எழுது என்று சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மாவையே கேட்டேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தா, உங்க வியாதிக்கு ஒண்ணு ரெண்டு மூணுன்னு கட்டம் எண்ணுற வழக்கமே கிடையாது, அந்த மூணாம் கட்டம்கிறது மருந்தோட ஆய்வுக்கு என்றார். முதல் கட்டத்தில் கொஞ்சம் பேருக்குக் கொடுத்து, உடம்பு தாங்குமா, எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்ப்பார்களாம். இரண்டாவதில், நோய்க்குக் கேட்கிறதா என்று பார்ப்பார்களாம். மூன்றாவதில் நிறையப் பேரை வைத்து, இப்போது இருக்கிற வைத்தியத்தைவிட இது மேலா என்று பார்ப்பார்களாம். கட்டடங்களுக்குச் சாரம் கட்டிப் பிழைத்தவனுக்கு இது புரியாமல் போகுமா? புதுச் சாரத்தில் முதலில் ஒருத்தன் ஏறி ஆட்டிப் பார்ப்பான், அப்புறம்தான் மற்றவன் கால் வைப்பான். எனக்கு முன்னால் இரண்டு கட்டம் ஏறிப் பார்த்தவர்கள் யாரோ எவரோ, அவர்களுக்கும் ஊசி குத்தினால் வலித்திருக்கும், அவர்களுக்கும் உன்னைப் போல ஒரு மகள் இருந்திருப்பாள்.

உங்களைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறாங்கப்பா என்றாயே, அதையும் அப்படியே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. எலிகிட்ட யாரும் சம்மதம் கேக்கறதில்லை தாத்தா, எலி வேணாம்னு எழுந்து போகவும் முடியாது, நீங்க எப்ப வேணும்னாலும் விலகலாம், வழக்கமான வைத்தியம் நிக்காது என்றார். யாருக்குப் புது மாத்திரை, யாருக்கு அதே மாதிரி இருக்கிற மருந்தில்லாத வெத்து மாத்திரை என்று கம்ப்யூட்டர்தான் சீட்டுப் போடுமாம், அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. அப்போ எனக்கு வெத்து மாத்திரை விழுந்தா என் கதி என்றேன். இப்போது கொடுக்கிற ஊசியும் மருந்தும் இரண்டு பக்கத்துக்கும் உண்டாம், புதியது அதற்கு மேலே சேர்ப்பதுதானாம். குணமாகும் என்று அவர் சத்தியம் செய்யவில்லை பாப்பா. வாந்தி வரலாம், ரத்தத்தில் அணுக்கள் இறங்கிக் காய்ச்சல் வரலாம், இன்னும் தெரியாததும் வரலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். அதனால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஏழு வயதில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது, அந்தச் சிவப்பு மருந்தில் என்ன இருக்கிறது என்று கம்பவுண்டர் சொன்னால்தான் குடிப்பேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாய். உன் அம்மா மூக்கைப் பிடிக்கச் சொன்னாள். நான் பிடிக்கவில்லை, உன்னைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடமே உன்னைக் கேட்க வைத்தேன். இப்போது நீ என் மூக்கைப் பிடிக்க வருகிறாய்.

ரேகை வைக்குமுன் எல்லாவற்றையும் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும், நடுநிலையான ஒரு சாட்சியும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார்கள். நான் இருக்கேனே என்றாள் உன் அம்மா. நடுநிலை என்றதும் இவள் வந்து நின்றதைப் பார்த்து டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். கடைசியில் பக்கத்துக் கட்டில்காரரின் மகள், பள்ளிக்கூட டீச்சர், சாட்சிக்கு உட்கார்ந்தார். புரியாத இடத்திலெல்லாம் நிறுத்தச் சொன்னேன். காபி ஆறிப்போய், டீச்சருக்குக் கொட்டாவி வந்து, அப்புறம்தான் என் பெருவிரலைக் கொடுத்தேன். இந்த ரத்தம் என்னுடையது. இதற்கு வேறு யாரும் சம்மதம் சொல்ல முடியாது, நீயும்தான்.

நீ நன்றாக இரு, பிள்ளைகளைத் திட்டாதே, மாப்பிள்ளையிடம் இன்டர்நெட்டில் என் வியாதியைப் பற்றி மேய வேண்டாம் என்று சொல். டாக்டரம்மாவைக் கூப்பிட்டு உனக்குள்ள கேள்வியைக் கேள், தடை போடாதே. அழுதுகொண்டே அவசரமாக டிக்கெட் போட்டாயாமே, அதை ரத்து செய். வருகிறபோது சளி இருமல் இல்லாமல் வா, என் உடம்பு இப்போது எதையும் தாங்காது. கடைசியாக முகம் பார்க்க என்று மட்டும் வராதே, அந்த நினைப்போடு வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். என்னோடு சண்டை போட வா. அதற்கு உடம்பில் தெம்பு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
எதற்கும் மசியாத உன் அப்பா