பார்த்துக்கொண்டே உட்கார்ந்தவள்

பிளாஸ்க்கை எத்தனை முறை கழுவினாலும் சீரக வாசனை போகவில்லை. நேற்றுத்தான் மகளோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினேன். உடம்பு அசந்துவிட்டது, தூக்கம் மட்டும் வரவில்லை. இறந்தவர்களோடு பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லையென்று உனக்குத் தெரியும். ஆனாலும் இதை வேறு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியலில் என் மகளுக்கு வலி கண்டது. சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். வெறும் சூட்டு வலியென்றால் அதிலேயே அடங்கிவிடும், பிள்ளை வலியென்றால் அடங்காது என்பார்கள். இதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் அவளைப் பெற்ற அன்று, உன் அம்மா கொடுத்தனுப்பிய கஷாயத்தோடு நீ வந்து நின்றது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. தூக்குவாளியில் பாதிதான் இருந்தது. “ருசி பார்த்தேன்டி. எனக்கு வலி நின்னுடுச்சு” என்றாய். உனக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

அப்போது நாம் இருவரும் ஒரே கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பொறுமைக்கும் உனக்கும் வெகு தூரம். உங்கள் பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டில் தறியில் பாவு நூல் தீர்ந்தால், புதுப் பாவு நூலைப் பழையதோடு இழை இழையாக முறுக்கிச் சேர்க்க உன்னை உட்காரவைத்துவிடுவார்களாம். அதற்குப் பயந்துதான் எம்.ஏ. வரைக்கும் படித்ததாகச் சொல்வாய். பேருந்து நிற்பதற்குள் இறங்குவாய். குக்கர் அடங்குவதற்குள் கரண்டியால் விசிலைத் தூக்குவாய்.

அப்படிப்பட்ட நீ அன்று பொழுது சாயும்வரை என் கட்டிலருகே இருந்தாய். உறவுக்காரர்கள் மாறி மாறி எட்டிப் பார்த்து, இன்னுமா ஆகவில்லை என்று கேட்டபடி இருந்தார்கள். நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆனால் அவ்வப்போது எழுந்துபோய் நர்ஸைக் கையோடு கூட்டிவந்து, குழந்தையின் துடிப்பைப் பார்க்கச் சொன்னாய். அவர் சலித்துக்கொண்டு, இவருக்கு நீங்கள் என்ன வேண்டுமென்று கேட்டார். “மாமியார்மா” என்றாய், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு. அவர் சிரித்துவிட்டார். அத்தனை வலியிலும் எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் போனபிறகு என்னிடம் சொன்னாய்: “சும்மா குந்திக்கினு இருக்கிறதுக்குப் பேரு பொறுமை இல்லடி. பார்த்துக்கினே குந்தணும்.”

அதை ஏன் உனக்கு நீயே சொல்லிக்கொள்ளவில்லை? பல வருஷம் கழித்து உனக்கு வயிற்றில் வலி வந்தபோது அஜீரணம் என்றாய். விடைத்தாள் திருத்தி முடியட்டும் என்றாய். பிறகு, தம்பி மகள் கல்யாணம் முடியட்டும் என்றாய். கல்யாணப் பந்தலில் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தாயாம். டாக்டரிடம் போனபோது அவர் செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை. சாவு வீட்டில் எல்லோரும் உன் பொறுமையைப் புகழ்ந்தார்கள். எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே காது கூசுகிறது.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை எனக்கு அவ்வளவு தடுமாற்றம். கஷாயத்தில் வலி அடங்காமல், மிச்சத்தைப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். தாயும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள், காத்திருக்கலாம் என்றார் டாக்டர். சம்பந்தியம்மாவோ ஜோசியரிடம் நேரம் குறித்து வாங்கி வந்திருந்தார். பதினோரு மணிக்குள் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் பிள்ளைக்கு அமோகமான ஜாதகமாம். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் என்னைப் பார்த்து, “நீ சொல்லுமா” என்றாள். காத்திருக்கலாம் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, உட்கார முடியவில்லை. கொஞ்ச நேரத்துக்கொரு முறை நர்ஸைத் தேடிப் போனேன். உன்னைப்போல் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்க அங்கே யாரும் இல்லை.

மதியம் மூன்று மணிக்குமேல் குழந்தையின் துடிப்பு இறங்க ஆரம்பித்தது. இனித் தாமதிக்க முடியாது, உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இப்ப ராவு காலம் நடக்குது. நாலரை வரைக்கும் பொறுத்துக்கலாமேமா. காலையில நீங்கதானே பொறுமையா இருக்கலாம்னீங்க.”

அவர் கெட்டவர் இல்லை. காலையில் அவசரப்பட்டதும் இப்போது தாமதிக்கச் சொன்னதும் ஒரே பயத்தில்தான். இரண்டு முறையும் அவர் பார்த்தது கடிகாரத்தை. கையை விடுவித்துக்கொண்டு டாக்டரிடம், “ஒரு நிமிஷம்கூட வேணாம், இப்பவே எடுங்க” என்றேன். என் குரல் எனக்கே அன்னியமாகக் கேட்டது.

பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அழ கொஞ்சம் தாமதித்தாள், பிறகு நிறுத்தவே இல்லை. சம்பந்தியம்மா பேத்தியை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, யார் கேட்டாலும் நாலரைக்கு மேல் பிறந்ததாகச் சொல்லிவிடலாம் என்றார். சரியென்றேன்.

உன்னிடம் சொல்ல வந்தது இது மட்டுமில்லை. சில மாதங்களாக எனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ஐம்பதை நெருங்கினால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிரசவம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். இன்று காலை பால் கொடுத்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்து, “ஏம்மா இப்படி வெளுத்துப்போயிருக்கே?” என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உன் முகம் வந்து நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டினாள். பிறகு அழுதாள். நாளைக்கு என்னை டாக்டரிடம் அழைத்துப்போகும்படி மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது அதை நான் மட்டும் வைத்துக்கொண்டிருக்கவில்லை.